தண்டால் அண்ணாச்சியும் தாலிம் மண்ணும்

பரலோகம் போவதற்குத் தொந்தி இடைஞ்சல் என்று மனதார நம்பிய ஒரே கிறிஸ்தவர், நான் பார்த்தவரையில், எங்கள் தாராவி தண்டால் அண்ணாச்சிதான். "சரீரம் ஆண்டவர் குடியிருக்குத வீடுவே. வீட்ட இப்பிடியா ஒட்டட அடிக்காம வச்சிருப்பீரு?" என்று யார் வயிற்றையும் தட்டிக் கேட்பார். சபை மூப்பர், அன்றுதான் திருநெல்வேலியிலிருந்து வந்து இறங்கிய விருந்தாளி என்ற பேதமெல்லாம் கிடையாது.

அறுபதுகளில் அவரோடு ஒரே அறையில் குப்பை கொட்டியவன் நான். பகலில் அவருக்குத் தோல் கிடங்கில் வேலை. விடியுமுன் தண்டால். ஒவ்வொரு தண்டாலுக்கும் ஒரு ஸ்தோத்திரம் உண்டு. கீழே போகும்போது "ஸ்தோ", மேலே வரும்போது "த்திரம்". எங்கள் வரிசையில் யாரும் அலாரம் கடிகாரம் வாங்கவில்லை. சாப்பாட்டில் இன்னொரு கரண்டி குழம்பு கேட்டால், "பத்து பஸ்கி போட்டுட்டு ஊத்திக்கிடும்" என்பார். எனக்குக் குழம்பு ஆசையே விட்டுப்போகும்.

கோயிலில் இன்னும் கஷ்டம். பாயில் உட்கார்ந்து பிரசங்கம் கேட்கையில் சுவரில் சாய்ந்தால் தீர்ந்தது. பின்னாலிருந்து ஒரு விரல் வந்து முதுகெலும்பில் குத்தும். "நிமிந்து உக்காரும். சாஞ்சு கேட்டா வசனம் தங்காது." எங்கள் போதகர் நல்ல கனத்த சரீரம். அவரே அண்ணாச்சியை எதிரில் கண்டால் வயிற்றை உள்ளே இழுத்துக்கொள்வார்.

அண்ணாச்சிக்குக் குரு, தெருக்கோடியில் தாலிம் என்கிற குஸ்திக்கூடம் நடத்திய மராட்டிய வஸ்தாத். மண்குழியில் இறங்குமுன் யாராயிருந்தாலும் மண்ணைத் தொட்டு நெற்றியில் வைப்பது அங்கே வழக்கம். அண்ணாச்சியும் வைத்தார். அதை எங்கள் சபைக் கமிட்டிக்காரர் ஒருவர் பார்த்துத் தொலைத்தார்.

கமிட்டி கூடியது.

"கிறிஸ்தவன் மண்ணக் கும்பிடலாமா?"

"கும்பிடலய்யா, தொட்டேன். ஆதாமையே ஆண்டவர் மண்ணுலதான செஞ்சாரு?"

சிரித்துவிட்ட என்னை வெளியே அனுப்பினார்கள். தாலிமை விட வேண்டும், இல்லாவிட்டால் ஈஸ்டர் அன்று அப்பமும் ரசமும் வாங்கும் திருவிருந்து கிடையாது என்பது தீர்ப்பு.

அன்றைக்குத்தான் அண்ணாச்சி சுவரில் சாய்ந்து உட்கார்ந்ததைப் பார்த்தேன்.

"திருவிருந்து இல்லாம எனக்கு என்ன ஈஸ்டர்வே? ஆனா அந்த வஸ்தாத் ஒரு டீ கூட வாங்கிக் குடிக்காம சொல்லித் தந்த மனுசன். அவர் மண்ணத் தொடாம மிதிச்சா மரியாதையா?"

மறுநாள் விடியலில் "ஸ்தோ" கேட்டது. "த்திரம்" வரவே இல்லை. எட்டிப் பார்த்தால், தரையில் குப்புறக் கிடந்தார்.

பொறுக்கமாட்டாமல் போதகரிடம் ஓடினேன். "நீங்களே ஒரு தடவ தாலிமுக்கு நேர்ல வந்து பாருங்கய்யா" என்று கெஞ்சினேன். வந்தார். பின்னாலேயே கமிட்டியும் வந்தது. அண்ணாச்சி ஓரமாகக் கைகட்டி நின்றார்.

போதகர் குழியைச் சுற்றிப் பார்த்தார். "தொடாம எறங்கினா என்ன குறைஞ்சிரும்? இப்ப நான் எறங்கிக் காட்டுதேன்" என்று செருப்பைக் கழற்றினார். வெள்ளை அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு காலை வைத்தார். எண்ணெயும் மோரும் விட்டு அப்போதுதான் கிளறிப் போட்டிருந்த மண். கால் உள்ளே போயிற்று. பாக்கி சரீரம் முன்னால் போயிற்று. அண்ணாச்சி பாய்ந்து பிடிப்பதற்குள் போதகர் குப்புற விழுந்துவிட்டார். நெற்றி, மூக்கு, தாடி எல்லாம் செம்மண்.

வஸ்தாத் பதறிப்போய்க் குனிந்தார்.

"பாதர் சாப், இத்னா படா நமஸ்கார் நஹீ மாங்தா!"

இவ்வளவு பெரிய கும்பிடெல்லாம் வேண்டாமாம்.

கமிட்டி மொத்தமும் கூரையை அண்ணாந்து பார்த்தது. அண்ணாச்சி தோள் துண்டை எடுத்துப் போதகரின் முகத்தை மெள்ளத் துடைத்துவிட்டார். "ஒண்ணுமில்லய்யா, ஆதாம் மண்ணுதான" என்றார். போதகருக்கு முதலில் வயிறு குலுங்கியது, பிறகுதான் சிரிப்பு வெளியே வந்தது.

"ஈஸ்டருக்கு நேரத்தோட வந்து சேரும்வே" என்றார்.

வந்தார். முழங்காலில் நின்று, ஆணி அடித்ததுபோல் முதுகை நிமிர்த்தி, கண் கலங்க அப்பத்தை வாங்கிக்கொண்டார். கொடுத்த போதகர் அன்றும் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டுதான் கொடுத்தார்.

அண்ணாச்சி போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிறது. இப்போதும் பிரசங்கம் நீண்டால் என் முதுகு சுவரைத் தேடும். நன்றாகச் சாய்ந்துகொண்டு, அந்த விரல் வந்து ஒருதரம் குத்தாதா என்று காத்திருப்பேன்.