ஏழு அடுக்கு ஈரலிப்புத் திட்டம்

உலகத்திலேயே மிகவும் ஈரலிப்பான தோலுடைய முதியவர்கள் மெல்பேர்ணில், டண்டினொங்கில், நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில்தான் வசிக்கிறார்கள். பெருமைக்காகச் சொல்லவில்லை. கோப்பு அப்படிச் சொல்கிறது. கோப்பை எழுதுபவன் நான் என்பதால் அதில் பிழை இருக்க வழியில்லை.

இல்லத்தின் பெயரை இங்கே சொல்லமாட்டேன். சொன்னால் நாளைக்கே வாசலில் வரிசை நிற்கும். எங்களிடம் முப்பத்தாறு கட்டில்கள்தான் இருக்கின்றன.

என் பெயர் கணேசலிங்கம். யாழ்ப்பாணக் கச்சேரியில், அதாவது அரசாங்கச் செயலகத்தில், பதினொரு வருடம் எழுதுவினைஞராக இருந்தவன். செத்துப்போனதாகப் பதியப்பட்டவர் நேரில் வந்து நின்று வணக்கம் சொன்னாலும், மரணச் சான்றிதழைத்தான் நம்பவேண்டும் என்ற ஒழுக்கத்தில் வளர்ந்தவன். இந்த நாட்டுக்கு வந்து நாலைந்து தொழிற்சாலைகளில் முதுகை முறித்த பிறகு, இல்லத்தின் அலுவலகத்தில் ஒரு கதிரை கிடைத்தது. சென்ற ஜூன் மாதம் அந்தக் கதிரைக்கு ஒரு பட்டமும் வந்து சேர்ந்தது: 'ஈரலிப்பு ஒருங்கிணைப்பாளர்'.

பட்டத்தைத் தந்தவர் எங்கள் முகாமையாளர் லக்ஷ்மிப்ரியா. கோயம்புத்தூர்க்காரர், கெட்ட மனுசி என்று யாரும் சொல்லமுடியாது. மே மாதம் இரண்டு கிழமை விடுமுறையில் ஜப்பானுக்குப் போனவர், திரும்பி வரும்போது ஒரு தத்துவத்தோடு வந்தார். தத்துவம் மூன்று சூட்கேஸ் நிறைய இருந்தது. எல்லாப் போத்தலிலும் 'கசுமினோ' என்ற கம்பனியின் பெயர்.

"கணேஷ் சார், அங்க எண்பது வயசு அம்மா ஒருத்தங்களோட கன்னத்தைப் பார்த்தேன். அப்படியே மோச்சி!"

"மோச்சி எண்டால் என்ன மேடம்?"

"அரிசி மாவு உருண்டை. நம்ம கொழுக்கட்டைன்னு வெச்சுக்கோங்களேன். இந்த வின்ட்டர் முடியறதுக்குள்ள நம்ம ரெசிடென்ட்ஸ் எல்லாரும் கொழுக்கட்டை ஆகணும்."

நான் உடனே குறித்துக்கொண்டேன். இலக்கு: கொழுக்கட்டை. எண்ணிக்கை: முப்பத்தாறு. கால எல்லை: ஆகஸ்ட் முப்பத்தொன்று.

முறை மிகவும் இலகுவானது. முதலில் லோஷன். லோஷன் என்றால் நாங்கள் தடிப்பாக ஏதோ என்று நினைப்போம். ஜப்பானில் அது கிட்டத்தட்டத் தண்ணீர். அதைத் தேய்க்கக்கூடாது, உள்ளங்கையால் மெதுவாகத் தட்டவேண்டும். மூன்று நிமிடம் காத்திருக்கவேண்டும். பிறகு சாறு. மூன்று நிமிடம். பிறகு பால். இப்படியே ஏழாவது அடுக்கில் தைலம் பூசி முடிக்கும்போது, ஒரு முதியவரின் இரண்டு கால்களுக்கு மட்டுமே முப்பத்தெட்டு நிமிடம் ஆகும். காலையும் பின்னேரமும் செய்யவேண்டும்.

ஒரு பராமரிப்பாளருக்கு ஒரு முதியவரை எழுப்பி, குளிக்கவார்த்து, உடுப்பு மாற்றி, கதிரையில் இருத்துவதற்குக் கிடைக்கும் நேரம் மொத்தமாக இருபது நிமிடம். இந்தச் சிறிய சிக்கலை நான் ஒரு படிவத்தால் தீர்த்துவைத்தேன். ஏழு கட்டங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு சரி அடையாளம், கீழே ஒரு கையெழுத்து. பழகிய கைக்குப் பதினொரு செக்கன் போதும்.

எல்லா மகத்தான திட்டங்களுக்கும் ஒரு எதிரி இருப்பான். எங்களுக்கு வாய்த்தவள் வினுஷா. இருபத்தாறு வயதுப் பராமரிப்பாளர். படிவத்தைக் கையில் வாங்கியதும் கேட்டாள்: "அங்கிள், காலமையில எனக்கு ஒன்பது பேர். இதை எப்ப பூசுறது?"

"பூசுறதைப் பற்றி நான் கேட்டனானோ பிள்ளை? கையெழுத்தைத்தான் கேட்டனான்."

"அப்ப பூசாமல் வைக்கச் சொல்லுறீங்களோ?"

"சீ! அப்பிடிச் சொல்லுவனோ? பூசு எண்டும் சொல்லேல்லை, பூசாதை எண்டும் சொல்லேல்லை. வை எண்டுதான் சொல்லுறன்."

அதுவரை அவள் கைக்கொண்டிருந்த முறையை நினைத்தாலே எனக்குக் கூச்சமாக இருக்கும். மருந்துக்கடையில் வாங்குகிற மலிவான சோர்போலீன் கிறீம், ஒரு லீற்றர் போத்தல். இரண்டு அமத்து அமத்துவாள். "காலை நீட்டுங்கோ அன்ரி, நேற்று மகன் வந்தவரோ?" என்று கதைத்துக்கொண்டே தேய்த்துவிட்டுப் போவாள். காத்திருப்பு இல்லை, அடுக்கு இல்லை, ஆவணம் இல்லை. ஆவணம் இல்லாதபடியால் அது நடக்கவும் இல்லை. முகாமையாளர் அந்தப் போத்தல்களை எல்லாம் அகற்ற உத்தரவிட்டார். படுக்கை விரிப்பு வண்டிக்குள் ஒன்றை ஒளித்து வைத்திருந்ததற்காக வினுஷாவுக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுக்கப்பட்டது. கடிதத்தை நான்தான் எழுதினேன். நல்ல கடிதம்.

ஜூலை பிறந்தது. வெளியே புல்லில் உறைபனி. உள்ளே இருபத்துநாலு மணிநேரமும் ஹீற்றர் சுடுகாற்றை ஊதியது. பதினாலாம் அறையில் சிறிதரன் அங்கிள் சொறியத் தொடங்கினார்.

அவருக்கு எண்பத்திரண்டு வயது. இலங்கையில் வீடு வீடாகப் போய் மின்சார மீற்றர் வாசித்தவர். முழங்கால் இரண்டும் போனதால் சக்கரக் கதிரை. மற்றபடி ஆள் நல்ல தெளிவு. வியாழக்கிழமை பின்னேரங்களில் இன்னும் மூன்று பேரைக் கூட்டிவைத்து 304 என்ற சீட்டாட்டம் விளையாடுவார். எந்தத் துரும்பு யாரிடம் இருக்கிறது என்பதை முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார்.

"தம்பி, கால் சொறியுது. நித்திரை இல்லை," என்று அலுவலக வாசலுக்கே கதிரையை உருட்டிக்கொண்டு வந்தார்.

கோப்பைப் புரட்டினேன். "நேற்றுப் பின்னேரம் உங்களுக்கு ஏழு அடுக்கும் பூசியிருக்கு அங்கிள்."

"ஆருக்கு?"

"உங்களுக்கு."

"எனக்குத் தெரியாமலோ?"

"பதினாலாம் அறை எண்டு வடிவாய் எழுதியிருக்கு. நீங்கள் மறந்திருப்பியள்."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு கதிரையைத் திருப்பிக்கொண்டு போனார். மறுநாளும் வந்தார். அதற்கு மறுநாளும் வந்தார். சொறிந்து சொறிந்து கட்டில் விரிப்பில் இரத்தப் பொட்டுகள். நான் ஒவ்வொரு முறையும் கோப்பை எடுத்துக் காட்டினேன். இதைவிட ஒரு மனிதனுக்கு என்ன செய்யமுடியும்?

முகாமையாளர் உண்மையாகவே கவலைப்பட்டார். நாங்கள் இருவரும் கதவைச் சாத்திவிட்டு விஞ்ஞானபூர்வமாக ஆராய்ந்தோம். தோல் ஈரலிப்பாக இருக்கிறது, கோப்பு சாட்சி. ஈரலிப்பான தோல் சொறியாது. கசுமினோ கம்பனியின் துண்டுப்பிரசுரம் சாட்சி. ஆகவே சொறிவு காலில் இல்லை. காலில் இல்லாவிட்டால் எங்கே?

"தலையில," என்றார் லக்ஷ்மிப்ரியா. "பாவம் அங்கிள். கிரீம் போட்டதையே மறந்துடறாரு பாருங்க."

தீர்மானம் அன்றே எழுதப்பட்டது. ஒன்று: சொறியாமலிருக்க இரண்டு கைகளுக்கும் பஞ்சுக் கையுறை. இரண்டு: அவரை மறதிப் பிரிவுக்கு மாற்றுவது. மறதிப் பிரிவு என்பது பின்கட்டடம். கதவுக்கு இலக்கப் பூட்டு. உள்ளே போனவர் தன் விருப்பத்துக்கு வெளியே வரமுடியாது. 304 கிடையாது, கையுறையோடு சீட்டுப் பிடிக்கவும் முடியாதுதானே. அவருடைய மகள் கையெழுத்து வைத்தால் சரி.

செய்தி கேட்டு வினுஷா என் மேசைக்கு ஓடி வந்தாள். "அங்கிள், அந்த மனுசனுக்கு மூளையில ஒண்டும் இல்லை. வருத்தம் காலிலதான். ஒருக்கா வந்து தொட்டுப் பாருங்கோவன்!"

"தொடுறது என்ர வேலை விபரத்தில இல்லை பிள்ளை."

"உள்ள போட்டுப் பூட்டினால் அந்தாள் ஒரு மாசத்தில உண்மையாவே விசராகிடும்."

"அப்பிடி நடந்தால் எங்கட தீர்மானம் சரி எண்டு ஆகும்," என்றேன். அவள் திரும்பி விறுவிறென்று போய்விட்டாள். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு வாதத்தை முடித்துவைக்கிற பொறுமை இல்லை.

புதன்கிழமை பத்து மணிக்குக் கூட்டம். அங்கிளின் மகள் மிருணாளினி ட்ருகனினாவிலிருந்து ஒன்றரை மணிநேரம் காரோடி வந்திருந்தார். கணினி வேலை, அன்றைக்கு அரைநாள் லீவு. அவருடைய முகத்தைப் பார்த்ததும் முகாமையாளர் எழுந்தே நின்றுவிட்டார்.

"என்ன ஃபவுண்டேஷன் போட்டிருக்கீங்க? ஜப்பான் பிராண்டா?"

"ஓம்! எப்பிடிக் கண்டுபிடிச்சனீங்கள்? மஸ்காராவும் அவையின்ரதுதான். நீந்தினாலும் கரையாது."

கூட்டக் குறிப்பின் முதலாம் விடயம் இருபத்தைந்து நிமிடம் ஆழமாக ஆராயப்பட்டது. சன்ஸ்கிறீன் பால் நல்லதா, ஜெல் நல்லதா என்பதில் மட்டும் கருத்தொற்றுமை ஏற்படவில்லை. இரண்டாம் விடயம்: தகப்பன்.

வினுஷா அங்கிளை உருட்டிக்கொண்டு வந்து மேசையருகே விட்டாள். போகச் சொல்லியும் போகாமல் பின்னால் நின்றாள். மேசையில் மாற்றல் பத்திரமும் கையுறைப் பெட்டியும் இருந்தன. மிருணாளினியின் கையில் பேனா இருந்தது.

"அப்பா, இவை உங்கட நன்மைக்குத்தான் செய்யினம். அங்க வடிவாய்ப் பாப்பினம்."

"நான் என்ன பிழை செய்தனான் மகள்?"

"பிழை ஒண்டும் இல்லை அப்பா. சும்மா சும்மா சொறியிறீங்களாம்."

"ஆரம்மா சும்மா சொறியிறது?"

லக்ஷ்மிப்ரியா அவர் தோளில், சட்டைக்கு மேலே, மெதுவாகக் கைவைத்தார். "அங்கிள், டெய்லி ரெண்டு வேளை உங்களுக்கு கிரீம் போடறாங்க. உங்களுக்குத்தான் ஞாபகம் இருக்க மாட்டேங்குது. சார், அந்த ஃபைலைக் குடுங்க."

கொடுத்தேன். நாற்பத்திரண்டு நாள், எண்பத்துநாலு கையெழுத்து, ஒரு கட்டம்கூட வெறுமையில்லை. பக்கங்களுக்கு நானே பிளாஸ்டிக் உறை போட்டிருந்தேன். சிறிதரன் அங்கிள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை பார்த்தார். பிறகு உறையை விரலால் தடவினார்.

"நான் முப்பத்திமூண்டு வருசம் மீற்றர் வாசிச்சனான் தம்பி. நாய் கடிச்ச வீட்டுக்கும் உள்ள போய்ப் பாத்துத்தான் இலக்கம் எழுதினது. நீங்கள் கெட்டிக்காரர், கந்தோர்க் கதிரையில இருந்துகொண்டே வாசிக்கிறியள்." கோப்பை மகளிடம் நீட்டினார். "தொட்டுப் பார் மகள். பட்டுப் போல இருக்கு. எல்லாத்தையும் இதுக்குத்தான் பூசியிருக்கினம்."

அங்கிள் குனிந்து தன் காற்சட்டையை முழங்கால் வரை சுருட்டினார். வினுஷா உதவி செய்யப் போனாள். வேண்டாம் என்று கைகாட்டினார்.

"கையுறை எண்டால் போடுங்கோ. பூட்டவேணும் எண்டால் பூட்டுங்கோ. ஆனால் அதுக்கு முதல் உங்களில ஒராள் இந்தக் காலைத் தொட்டுப் போட்டுச் செய்யுங்கோ."

முகாமையாளர் என்னைப் பார்த்தார். மகளும் என்னைப் பார்த்தார். ஈரலிப்பு சம்பந்தமான சகல விடயங்களுக்கும் நானே பொறுப்பு என்பது பட்டத்திலேயே இருக்கிறது. நிலத்தில் முழந்தாளிட்டேன். கணைக்கால் முழுக்கச் சாம்பல் பூத்துக் கிடந்தது. நடுவில் வெடிப்பு, வெடிப்புக்குள் சிவப்பு. கையை வைத்தேன். உள்ளங்கைக்குள் அரிசிமா மாதிரி உதிர்ந்தது. பதினொரு வருடம் கச்சேரியிலும் ஒன்பது வருடம் இங்கேயுமாக எத்தனையோ படிவங்களைத் தொட்டிருக்கிறேன். ஒரு மனிதனுடைய தோல் இவ்வளவு வருந்தி நான் கண்டதில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. அதைக் கூட்டக் குறிப்பில் எழுதவில்லை, இங்கே எழுதுகிறேன்.

மிருணாளினி எழுந்து வந்து தகப்பனின் காலைப் பார்த்தார். மாற்றல் பத்திரத்தை நாலாகக் கிழித்தார். விக்கி விக்கி அழுதார். மஸ்காரா ஒரு துளிகூடக் கரையவில்லை. ஜப்பானியத் தரம் என்றால் தரம்தான். லக்ஷ்மிப்ரியா மேசையிலிருந்த கையுறைப் பெட்டியை எடுத்து அலுமாரிக்குள் வைத்தார். "வினுஷா, உன்னோட அந்தப் பழைய கிரீம் இருந்தா எடுத்துட்டு வாம்மா," என்றார் சின்னக் குரலில். அவள் கேட்டு முடிய முதலே ஓடினாள்.

நான் எழும்பப் பார்த்தேன். எழும்ப முடியவில்லை. சிறிதரன் அங்கிள் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். புறங்கையைத் தடவினார், விரலிடுக்கைத் தடவினார்.

இந்த இடத்தில் ஒரு நிர்வாக விவரத்தைச் சொல்லவேண்டியிருக்கிறது. படிவத்தில் பூசியாகிவிட்டது என்றால் போத்தலிலும் குறைந்திருக்கத்தானே வேண்டும்? கணக்காய்வுக்கு யாராவது வந்து நிறைந்த போத்தல்களைக் கண்டால் திட்டத்துக்கே அவமானம். ஆகவே அவற்றைப் பகுதி பகுதியாக வீட்டுக்குக் கொண்டுபோய், நானும் மனைவி ரஞ்சினியும் காலையும் பின்னேரமும், தட்டி, மூன்று நிமிடம் காத்திருந்து, முறை தவறாமல் தீர்த்துவந்தோம். இல்லத்தின் நற்பெயருக்காக நாங்கள் செய்த தொண்டு அது.

அங்கிள் என் கையை விடாமலே மகளைக் கூப்பிட்டார்.

"மகள், இந்தத் தம்பியைக் குறை சொல்லாதை. கோப்பில ஒரு பொய்யும் இல்லை. ஏழு அடுக்கும் ஒழுங்காய்ப் பூசித்தான் இருக்கு. இந்தா, கையைத் தொட்டுப் பார். ஆள்தான் மாறிப்போச்சு."