மாமியாரைக் கட்டிப்போட்ட சால்வை

விழித்துக்கொண்டே கனவு காண்கிறவர்கள் கையில் ஊசியைக் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் என்ன ஆகும் என்பதை என் மாமியாரைக் கேட்டால் சொல்வார். கேட்காவிட்டாலும் சொல்வார்.

எனக்கு நிச்சயமாகியிருந்த நேரம். மாப்பிள்ளைக்கு ஊட்டியில் தேயிலைக் கம்பெனி வேலை. "இங்க பயங்கரக் குளிரு" என்று ஒருநாள் போனில் சொல்லிவிட்டார். அவ்வளவுதான். கறம்பக்குடி வெயிலில் விசிறியும் கையுமாக இருந்த நான், அவருக்கு ஒரு கம்பளிச் சால்வை பின்னிவிடுவது என்று முடிவெடுத்தேன். (அதுவரை நான் பின்னியிருந்தது என் சடையை மட்டும்தான்.)

வீடியோ பார்த்து முதல் பாடம் படித்தேன். சால்வைக்கு முதலில் ஊசியில் கண்ணிகள் ஏற்ற வேண்டும். ரொம்பச் சுலபம். கட்டைவிரலில் நூலை ஒரு சுற்று சுற்றி, அந்த வளையத்தை ஊசியில் மாட்டி, விரலை உருவிக்கொண்டு, லேசாக இழுத்தால் ஒரு கண்ணி. சுற்று, மாட்டு, இழு. தாலாட்டு மாதிரி இருந்தது.

கல்யாணப் பட்டு எடுக்கப் புதுக்கோட்டைக்குப் போன அன்றும் நூல் என்னோடு பேருந்து ஏறியது. அம்மா முன்சீட்டில். எனக்குப் பக்கத்தில் வருங்கால மாமியார். ஏறியதுமே தூங்கிவிட்டார். நான் ஜன்னலோரம். சுற்று, மாட்டு, இழு. வெளியே முந்திரித் தோப்புகள் மெல்லப் பனிமூட்டமாக மாறின. தைலமரங்கள் தேயிலைச் சரிவாயின. மஞ்சள் சால்வை போர்த்திக்கொண்டு மாப்பிள்ளை மேகத்துக்குள்ளிருந்து நடந்து வந்தார். நானும் மேகத்துக்குள் போய்விட்டேன். நூல்கண்டு மடியிலிருந்து விழுந்ததும், ஒவ்வொரு வளைவிலும் அது சீட்டுக்கடியில் அங்கிட்டும் இங்கிட்டும் உருண்டதும் எனக்கு எப்படித் தெரியும்?

புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டு வந்தது. அத்தை எழுந்தார். உடனே தொப்பென்று உட்கார்ந்தார்.

"என்னத்தா இது? கால நகத்த முடியல!"

குனிந்து பார்த்தேன். அத்தையின் கொலுசு, செருப்பு, சீட்டின் இரும்புக்கால் எல்லாவற்றையும் மஞ்சள் நூல் ஒன்றாகக் கட்டியிருந்தது.

"எறங்குங்கம்மா, வண்டி திரும்பணும்" என்றார் கண்டக்டர். யாரோ ஒருவர் பிளேடை நீட்டினார்.

அத்தை அலறினார். "நூல அறுக்காதீங்க! கல்யாணப் பட்டு எடுக்கப் போறோம். அபசகுனம்!"

முன்சீட்டிலிருந்து அம்மா பார்த்த பார்வையில், கல்யாணம் நின்றுவிட்டது என்றே நினைத்தேன். அறுக்காமல் நூலை விடுவிக்க வேண்டுமானால், ஊசியில் ஏற்றியிருந்த கண்ணிகளைக் கைவிட வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு ஊசியை உருவினேன். அத்தனை கண்ணிகளும் பொலபொலவென்று உதிர்ந்து, வெறும் நூலாகி மடியில் கிடந்தன. சீட்டுக்கடியில் தவழ்ந்து, அத்தையின் கால்களைச் சுற்றிச் சுற்றி நூலை விடுவித்தேன். மொத்தப் பேருந்தும் எட்டிப் பார்த்தது. "இன்னொரு சுத்து இருக்கு பாப்பா" என்று ஆளாளுக்கு வழி சொன்னார்கள்.

கடைசிச் சுற்று அவிழ்ந்தபோது தலைக்கு மேல் விம்முவது போல ஒரு சத்தம் கேட்டது. அழுகிறார் என்று பயந்து நிமிர்ந்தேன். அத்தை சிரித்துக்கொண்டிருந்தார்.

"மாமியாரக் கைக்குள்ள போட்டுக்கிட்ட மருமகளப் பாத்திருக்கேன். கட்டிப்போட்ட மருமக நீதாண்டி!"

பட்டு எடுத்தோம், கல்யாணமும் நடந்தது. சால்வையை என் வீட்டுக்காரர் ஊட்டியிலேயே வாங்கிக்கொண்டார். வீட்டுக்கு யார் வந்தாலும், காபி ஆறுவதற்குள் அத்தை இந்தக் கதையைச் சொல்லி முடித்துவிடுவார். பேருந்தில் இன்றைக்கும் என் பக்கத்தில் உட்கார்ந்தால், முதல் வேலையாக இரண்டு கால்களையும் தூக்கிச் சீட்டில் சம்மணம் போட்டுக்கொள்கிறார்.