பெடலுக்கு ஒரு டப்பா

இரண்டு கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஒரு கார் நுழையும் அளவுக்கு இடம் விழுந்தது. எண்ணூர் சாலையில் காலை நேரத்தில் இப்படி இடம் விழுவதே நாலைந்து தடவைதான். லியோனார்ட் ஆக்சிலேட்டரை அடிவரை மிதித்தார். கார் அதைக் கேட்டுக்கொண்டது, யோசித்தது, சம்மதிக்கலாமா என்று இன்னும் கொஞ்சம் யோசித்தது. அதற்குள் பின்னால் வந்த ஒரு குட்டி யானை வேன் அந்த இடத்தில் போய்ச் சொகுசாக நின்றுகொண்டது.

"போ ராசா, நீயாவது போய்ச் சேரு," என்றார் லியோனார்ட்.

காரில் இதைக் கேட்க ஆளில்லை. பின் சீட்டில் ஆன்சியும் செங்கொடியும் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து தூங்கினார்கள். முன் சீட்டில் அஜீசுன்னிசா, சீட் பெல்ட்டைத் தாடைக்கு முட்டுக் கொடுத்துத் தூங்கினாள். மூவருக்கும் எண்ணூரில் ஒரே கம்பெனியில் வேலை. நாலு மணிக்கு எழுந்து, தண்ணீர் பிடித்து, சோறாக்கி, டப்பா கட்டி, பிள்ளைகளை எழுப்பிவிட்டு வருகிறவர்கள். ராயபுரத்தில் ஏறி உட்கார்ந்தால் கம்பெனி கேட்டில்தான் கண் திறப்பார்கள்.

துறைமுகத்தில் முப்பது வருஷம் கிரேன் ஓட்டி ஓய்ந்த லியோனார்டுக்கும் தூக்கம் வரத்தான் செய்தது. ஆனால் ஓட்டுகிறவன் தூங்கக் கூடாது என்று யாரோ ஒரு வழக்கத்தை ஏற்படுத்தி வைத்திருக்கிறார்களே!

கேட்டில் டிரான்ஸ்போர்ட் சூப்பர்வைசர் குணசேகரன் வாட்சைத் தட்டிக் காட்டினார். பெண்களுக்கு இதில் ஒரு கஷ்டமும் இல்லை. கம்பெனி வாடகைக்கு அமர்த்திய வண்டி தாமதமானால் அதில் வந்தவர்களுக்கு லேட் போடுவதில்லை. அந்தப் பாவம் முழுக்க ஓட்டி வந்தவன் தலையில்தான். மூவரும் கொட்டாவி விட்டபடி உள்ளே போனார்கள்.

"இன்னா லியோ, இந்த மாசம் ரெண்டாவது தபா. இன்னொரு தபா லேட்டாச்சுன்னா டிரிப்ப வேற வண்டிக்குக் குட்த்துருவேன். ஏழரைன்னா ஏழரை."

அந்த ஒரு டிரிப்தான் லியோனார்டுக்குப் பிழைப்பு. அது போனால் கார் வாசலில் நிற்கும். பக்கத்தில் அவரும் நிற்க வேண்டியதுதான். மனைவி ஆலிஸிடம் இதைச் சொல்லவில்லை. தூங்குகிற பெண்களை எழுப்பிச் சொல்லவும் மனசு வரவில்லை.

அன்று மத்தியானமே திருவொற்றியூர் டோல்கேட்டில் மெக்கானிக் அறிவிடம் போய் நின்றார். கையில் தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிதாக ஒரு டப்பா. ஆக்சிலேட்டர் பெடலோடு மாட்ட வேண்டியது. ஒன்றிலிருந்து ஒன்பது வரை நம்பர் உண்டு. ஒன்பதில் வைத்தால் கார் பறக்கும் என்று ஸ்டாண்டில் உள்ள டிரைவர்கள் சத்தியம் செய்திருந்தார்கள்.

"இதால எஞ்சினுக்கு ஒரு பலமும் ஏறாது அங்கிள்," என்றான் அறிவு. "நீ கொஞ்சமா மிதிச்சா, நெறைய மிதிச்சுட்டான்னு எஞ்சினாண்ட பொய் சொல்லும். அவ்ளோதான். முழுசா மிதிக்கிற ஆளுக்கு இது தண்டம்."

"நான் முழுசாதாம்பா மிதிக்கிறேன். பெடலு போய் முட்டிக்கினு நிக்குது."

"அப்ப இது தண்டமேதான். மொதல்ல அந்த மேட்ட எடு, கீழ பாத்துடலாம்."

"அதத் தொடாத!"

லியோனார்ட் போட்ட சத்தத்தில் அறிவு கையை இழுத்துக்கொண்டான். சாதாரண ரப்பர் மேட்தான். ஆனால் ஈஸ்டர் அன்றைக்கு மறுநாள், அவர் வழக்கம்போல ராயபுரத்தில் காரை நிறுத்தி மாதா கெபியில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டுத் திரும்புவதற்குள், மூன்று பெண்களும் அவர் காலடியில் விரித்துவைத்த பரிசு. அவர் பெற்ற பிள்ளைகள்கூட ஈஸ்டருக்கு ஒரு மெசேஜோடு முடித்துக்கொண்டார்கள்.

"ஆசையா வாங்கிப் போட்டதுங்க. உன் கிரீஸ் கை படக் கூடாது. மேலாலயே மாட்டு."

அறிவு சீட்டில் தலைகீழாகத் தொங்கி, தன் தலையெழுத்தைத் திட்டிக்கொண்டே மாட்டினான். லியோனார்ட் ஒன்பதில் வைத்தார்.

மறுநாள் காலை, லாரிகளுக்கு நடுவே இடம் விழுந்தது. லியோனார்ட் மிதித்தார். கார் நிஜமாகவே பாய்ந்தது. செங்கொடி முன் சீட்டில் முட்டிக்கொண்டாள். ஆன்சியின் சாப்பாட்டு டப்பா திறந்து ரசம் அவள் மடியிலேயே கொட்டியது. அஜீசுன்னிசா கண்ணைத் திறக்காமலே "யா அல்லா!" என்றாள்.

ஆறே முக்காலுக்கு கேட். அந்த கேட் ஏழு மணிக்குத்தான் திறக்கும். மூவரும் லாரிப் புழுதியில் நின்றார்கள்.

"இன்னா அங்கிள், வூட்ல எதுனா சண்டையா?" என்றாள் ஆன்சி, ரசத்தைத் துடைத்தபடி.

லியோனார்ட் உற்சாகமாக அறிவுக்கு போன் போட்டார். "பலம் ஏறாதுன்னியே, வந்து பார்றா! சும்மா பறக்குது!"

"ஏறாது அங்கிள். எப்டி ஏறும்?" அறிவின் குரலில் உண்மையான வேதனை இருந்தது.

சாயங்காலம் குணசேகரன் கூப்பிட்டார். "லேடீஸ் மூணு பேரும் எழுதிக் குட்த்துகிறாங்க. பேஜாரா ஓட்றியாமே?"

லியோனார்டுக்கு வருத்தமாகிவிட்டது. அடுத்த நாள் ஒன்றில் வைத்தார். கார் தேர் மாதிரி நகர்ந்தது. பெண்கள் புன்னகையோடு தூங்கினார்கள். ஆனால் திருவொற்றியூர் தாண்டுவதற்குள்ளேயே ஆறே முக்கால் ஆகிவிட்டது. பதறிப்போய், ஓட்டிக்கொண்டே குனிந்து நம்பரை ஏற்றினார். இரண்டு, ஐந்து, ஒன்பது, மறுபடி ஒன்று. எஞ்சின் குழம்பிப்போய் ஒரு மஞ்சள் விளக்கைப் போட்டுவிட்டு நடுரோட்டில் நின்றேவிட்டது. பின்னால் இருபது கன்டெய்னர் லாரிகள் ஒரே குரலில் ஹாரன் அடித்தன.

பெண்கள் இறங்கி காரை ஓரத்துக்குத் தள்ளினார்கள். போனில் கூப்பிட்டதும் அறிவு பைக்கில் வந்து டப்பாவைப் பிடுங்கினான். விளக்கு அணைந்தது. லியோனார்ட் கொஞ்ச தூரம் ஓட்டிப் பார்த்தார். பழைய சோம்பல் அப்படியே இருந்தது. இந்த வேகத்தில் போனால் எட்டு மணி. அப்போது போன் அடித்தது. எடுத்த அவசரத்தில் ஸ்பீக்கரில் விழுந்தது.

"மணி ஏழு அஞ்சு, லியோ. ஏழரைக்கு வண்டி கேட்ல இல்லன்னா நாளைலேர்ந்து உனக்கு டிரிப் இல்ல."

லியோனார்ட் எஞ்சினை அணைத்தார். திடீரென்று அறுபது வயசும் ஒன்றாகச் சேர்ந்து வந்து அவர் மேல் உட்கார்ந்தது.

"போதும்மா. நீங்க எதுனா ஆட்டோ புட்சிப் போங்க. நாளைக்கு உங்களுக்கு வேற வண்டி வரும். அரை மணில கொண்டாந்து வுட்ருவான்."

"அரை மணிலயா?" ஆன்சியின் முகம் வெளுத்தது.

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வருஷம் முழுக்கத் தூங்கியே வந்த அஜீசுன்னிசா, காரைச் சுற்றிவந்து டிரைவர் கதவைத் திறந்தாள். "காலத் தூக்கு அண்ணே," என்றாள். பெடலுக்கு அடியில் இருந்த ரப்பர் மேட்டைப் புரட்டி, அதன் கீழே எட்டாக மடித்துச் சணலால் கட்டி வைத்திருந்த ஒரு கோணிச் சாக்கை உருவி எடுத்தாள். இரண்டு விரல் தடிமன் இருந்தது.

லியோனார்ட் சாக்கையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"வூட்டுலயும் தூங்க முடியல, கம்பெனிலயும் தூங்க முடியல, உன் வண்டி மெதுவாப் போனாத்தான் எங்களுக்குத் தூக்கம்னு நாங்கதான் வெச்சோம்ணே, இன்னிக்கு முழிச்சிகினே வரோம், நீ மிதி!"