ஐந்து கண்ணி அதிகம்

ஓசூரில் எங்கள் தெருவில் ரம்பம் வாயைத் திறந்தால் தெருநாய்கூட எழுந்து அடுத்த தெருவுக்குப் போய்விடும். பெயர்க் காரணம் இரண்டு. ஒன்று, அவரிடம் மரம் அறுக்கும் செயின் ரம்பம் இருந்தது. மற்றது, அது கையில் இல்லாமலே ஆளை அறுப்பார். ஒரு தொழிற்சாலையின் டூல்ரூமில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பேசுவது தமிழ், திட்டுவது தெலுங்கு, எண்ணுவது மட்டும் கன்னடம். எல்லை தாண்டிய கர்நாடகத்து ஆனேக்கல் பள்ளிக்கூடத்துப் பிரம்படி அப்படி.

ஒரு கோடை மழையில் தெருமுனைத் தூங்குமூஞ்சி மரத்தின் பெருங்கிளை முறிந்து, இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் குறுக்கே விழுந்தது. அன்று மாலை நான்கு மணிக்கு ஊத்தங்கரையிலிருந்து என் மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள். ஏற்கெனவே இரண்டு வரன்கள் சகுனம் சொல்லித் தட்டிப்போயின. இந்தப் பையனையோ அவளுக்குப் போனில் பேசியே பிடித்துப்போயிருந்தது.

"கவலப்படாதீங்க சார். நேத்துதான் புதுச் செயின் வந்துது. பத்து நிமிஷம்!" என்றார் ரம்பம்.

மாட்டினார். செயின், ரம்பத் தகட்டின் அடியில் மாவிலைத் தோரணம்போல் தொங்கியது.

"புதுசு இல்லீங்களா, கூச்சப்படுது."

இறுக்கும் திருகாணியைக் கடைசிவரை திருகினார். தோரணம் அசையவில்லை.

"மழை ஈரம் சார். இரும்பு ஊறிடுச்சு."

இரும்பு ஊறுமா? எதையும் எண்ணாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. செயினைப் பிடுங்கி, தகட்டுப் பள்ளத்தில் ஓடும் கண்ணிகளை எண்ணினேன். அறுபத்தேழு.

"கடையில எவ்வளவு கேட்டீங்க?"

"அரவத்தெரடு. பழைய செயின எண்ணிட்டுத்தான் போன் போட்டேன்."

அது கன்னடத்தில் அறுபத்திரண்டு. கடைக்காரரைப் போனில் பிடித்தேன். அவர் தெலுங்கர்.

"அரவை ஏடுன்னுதானே சார் சொன்னாரு?"

அது தெலுங்கில் அறுபத்தேழு.

"காதுல என்ன பஞ்சா வெச்சிருக்கான்?" என்று ரம்பம் கத்த, "உங்க வாயில மூணு ஸ்டேட் இருந்தா நான் என்ன பண்ணுவேன்?" என்றது போன்.

ஐந்து கண்ணியை வெட்டி மறுபடி இணைக்க, செயினோடு கிளைமேல் ஏறிக் குதித்து, அடுத்த தெரு நண்பரின் ஸ்கூட்டரில் கடைக்குப் பறந்தேன். லாரி நெரிசலில் நீந்தித் திரும்புகையில் மணி ஐந்தாகப் போகிறது. தெருமுனையில் வேன், உள்ளே ஆள் இல்லை. போச்சு என்று நினைத்தேன்.

எட்டிப் பார்த்தால், பட்டுச்சேலையும் வேட்டியுமாகப் பதினோரு பேர் விழுந்த கிளைமேல் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். எதிரே ரம்பம், செயின் இல்லாத ரம்பத்தைத் தூக்கிப் பிடித்தபடி பேசிக்கொண்டிருந்தார். வந்ததும் மாப்பிள்ளையின் அம்மா, "சகுனம் தடுக்குதே" என்றாராம். "சகுனம்னு சொன்னீங்களே, அதுல பாருங்க..." என்று இவர் பிடித்துக்கொண்டாராம்.

அந்த அம்மாள் என்னைக் கண்டதும் எழுந்தே விட்டார். "சகுனமும் வேணாம் ஒண்ணும் வேணாம். சீக்கிரம் மரத்த அறுங்க சார், உள்ள வந்து பொண்ணப் பாக்கறோம். இல்லாட்டி இவரு எங்கள அறுத்துருவாரு!"

செயின் கச்சிதமாக உட்கார்ந்தது. கிளை அறுந்தது, கல்யாணம் கூடியது. மாப்பிள்ளை வீட்டார் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று: மண்டபத்தில் அவரை அவர்கள் பக்கம் உட்கார வைக்கக் கூடாது.

இப்போது ரம்பம் ஆனேக்கலில் மகன் வீட்டோடு இருக்கிறார். எங்கள் தெருவுக்கு நாய்களெல்லாம் திரும்பி வந்துவிட்டன. நான்தான் மாதம் ஒருமுறை ஆனேக்கல் பஸ் ஏறுகிறேன்.