காத்மாண்டுவில் அவசரப்பட்டுக் கைதட்டியவன்

இரண்டே முறை விமானத்தில் போனவனைப் போல ஆபத்தான ஆள் கிடையாது. ஒருமுறைகூடப் போகாதவன் பயந்துபோய் வாயை மூடிக்கொண்டிருப்பான். நான் கோயம்புத்தூரிலிருந்து சென்னைக்குப் போய்த் திரும்பியவன். (அதுவும் பனியன் கம்பெனி எடுத்துக்கொடுத்த டிக்கெட்டில்.) அந்தத் தகுதியில்தான் என் மனைவி சுமதியையும், சேவூரில் விவசாயம் பார்க்கும் மாமனாரையும் நேபாளத்து முக்திநாத் கோயில் யாத்திரைக்குக் கூட்டிப்போனேன்.

“காத்மாண்டுல மலைக்கு நடுவுல இறக்கணுங்க மாமா. இறங்குனதும் எல்லாரும் கைதட்டுவாங்க. நாமளும் தட்டோணும்” என்று வழியெல்லாம் பாடம் நடத்தினேன்.

இறங்க ஆரம்பித்ததும் ஜன்னல் முழுக்க வெள்ளை மேகம். குண்டும் குழியுமான ரோட்டில் போகும் லாரியைப் போல விமானம் குலுங்கியது. சுமதி கண்ணை மூடி, “முருகா, முருகா” என்றாள். அப்போது காலுக்கடியில் ‘தட்’ என்று ஒரு சத்தம்.

“இறங்கிருச்சு!” என்று கத்திக் கைதட்டினேன். பின்னால் நாலைந்து பேர் என்னை நம்பித் தட்டினார்கள். அவர்களை நம்பிப் பாதி விமானம் தட்டியது. (அது சக்கரத்தை வெளியே விட்ட சத்தமாம்.)

அடுத்த நொடி என்ஜின் அலறியது. முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டது. மேகம் விலகிய இடத்தில் ஒரு மலைச்சரிவு, கையை நீட்டினால் தொடலாம் போல. நாங்கள் மேலே ஏறிக்கொண்டிருந்தோம்.

மாமனார் மெதுவாகக் கேட்டார்: “ஏனுங் மாப்ள, இறங்குனதுக்கப்புறம் மறுபடி மேல போகுமுங்களா?”

ஓடுபாதை தெரியவில்லை, மறுபடி முயற்சி செய்கிறோம் என்று விமானி அறிவித்தார். மேகத்துக்குள் சுற்றிச் சுற்றி வந்தோம். சுமதி என் காதருகே, “நமக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா ஊட்டுல அம்மா தனியா என்னங்க பண்ணும்?” என்றாள்.

மீண்டும் அதே ‘தட்’. முன்வரிசைக்காரர்கள் திரும்பி என்னை முறைத்தார்கள். நான் மாமனாரின் வலது கையை இரண்டு கைகளாலும் இறுக்கியிருந்தேன். இம்முறை சக்கரம் தரையில் மோதியது, ஓடியது, வேகம் குறைந்தது. விமானமே அதிரக் கைதட்டல். என் விரல்கள் மட்டும் பிரியவே இல்லை.

“விடுங் மாப்ள, நானாச்சும் தட்டிக்கறேன்” என்றார் மாமனார்.

மூன்று வருடம் கழித்துச் சுமதிக்குப் பிரசவம். நர்ஸ் வெளியே வந்து, “பொண்ணுங்க” என்றதும் என் கைகள் தாமாக உயர்ந்தன. மாமனார் இரண்டையும் எட்டிப் பிடித்தார்.

“இருங் மாப்ள. அவளும் வெளிய வரட்டுங்க.”

சுமதியைத் தள்ளுவண்டியில் கொண்டுவரும்வரை அவர் விடவில்லை.

இன்றைக்கும் வீட்டில் நல்ல சேதி எது வந்தாலும், முதலில் யாராவது ஒருவர் ஓடிவந்து என் கைகளைப் பிடித்துக்கொள்கிறார்கள்.