பெயர் என்னுடையது, நோட்டு அவனுடையது

இந்தக் கதையைக் கோயிலில் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னபோது, பாவத்தைக் கேட்டு மன்னிக்க வேண்டிய சாமியார் சிரித்துவிட்டார். சாமியாரே சிரித்த பிறகு அது எப்படிப் பாவமாகும் என்பது என் கட்சி.

"பொய் சொன்னீங்களா, இல்லையா?" என்று சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டார்.

"என் பேரைக் கேட்டாங்க சாமி, என் பேரைச் சொன்னேன். இதுல பொய் எங்கன இருக்கு?" என்றேன்.

மூன்று அருள் நிறை மந்திரம் சொல்லச் சொல்லி அனுப்பிவிட்டார். சொன்னேன். வருத்தப்பட்டுச் சொல்லவில்லை.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். பெயர் மிக்கேல். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். (பள்ளிக்கூடம்தான் என்னை விட்டது என்பாள் என் மனைவி பிலோமினா.) தூத்துக்குடித் துறைமுகத்தில் உப்பு மூட்டை சுமந்து, கிளீனராகி, டிரைவராகி, இன்று ஆறு டிரெய்லர் லாரிக்கு முதலாளி. துறைமுக வாசலில் இரண்டு நாளாக வரிசையில் கிடக்கிற வண்டியை அரை மணி நேரத்தில் உள்ளே அனுப்பிக் காட்டுவேன். எங்கள் பங்குக் கோயிலில் மதுவிலக்கு சபைத் தலைவரும் நான்தான். ஒரு சொட்டு தொட்டதில்லை. இப்படிப்பட்ட ஒரு மனிதனைச் சுற்றி, மூன்று வருடத்துக்கு முன்னால் ஊரே நின்று வேடிக்கை பார்த்தது. என் குற்றம் ஒன்றுதான். எனக்கு ஒரு டாக்டர் வேண்டியிருந்தது.

முப்பது வருடமாக எங்கள் வீட்டுக்கு ஒரே டாக்டர். வாசலில் நான் செருப்பைக் கழற்றுகிற சத்தத்திலேயே எனக்குச் சர்க்கரை கூடியிருக்கிறதா என்று சொல்லிவிடுவார். ஒருநாள் போனால் கதவு பூட்டியிருந்தது. வயதாகிவிட்டதாம், கோயம்புத்தூரில் மகளோடு இருக்கப் போய்விட்டாராம். கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது, அவ்வளவுதான். கையிலிருந்த மாத்திரை தீர்ந்தது. இரும்பு உடம்புக்கு மாத்திரை எதற்கு என்று நானும் விட்டுவிட்டேன். பத்தாம் நாள் லாரி ஷெட்டில் தலை சுற்றி, டயரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். (உட்கார்ந்தேன். விழுந்தேன் என்று சொல்கிறவர்களை நம்ப வேண்டாம்.)

பிலோமினா உடனே சென்னையில் இருக்கும் மகள் ரீட்டாவுக்குப் போன் போட்டாள்.

"அப்பா, ஞாயித்துக்கிழமைக்குள்ள அங்கன ஒரு டாக்டரு உங்களத் தொடர்ந்து பாக்கேன்னு ஒத்துக்கிடணும்," என்றாள் ரீட்டா. "இல்லன்னா நான் வந்து ரெண்டு பேரையும் இங்கன கூட்டிட்டு வந்துருவேன். லாரிய வித்துருங்க."

அவள் சொன்னால் செய்வாள், என் மகள். அவள் வீடு பன்னிரண்டாவது மாடி. ஒருமுறை பதினோரு நாள் இருந்து பார்த்திருக்கிறேன். மீன் எந்தக் கடலில் எப்போது செத்தது என்று யாருக்கும் தெரியாது. காற்றில் உப்பு கிடையாது. ஏசுவதற்கு ஒரு டிரைவர் கிடையாது. அங்கே போனால் நான் சர்க்கரையில் சாக மாட்டேன், சும்மா இருந்தே செத்துவிடுவேன்.

அன்று புதன்கிழமை. கையில் நான்கு நாள்.

முதலில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். சர்க்கரைக்கு ஒரு டாக்டர், பிரஷருக்கு ஒரு டாக்டர், தலைசுற்றலுக்கு நரம்பு டாக்டரா காது டாக்டரா என்று அவர்களுக்குள்ளேயே தகராறு. "முழு மிக்கேலையும் சேத்துப் பாக்கதுக்கு யாரும்மா இருக்கா?" என்று கேட்டேன். "அப்படி யாரும் இல்ல சார்" என்றாள் அந்தப் பிள்ளை, நிஜமாகவே யோசித்துவிட்டு. அடுத்தது போனில் டோக்கன் கொடுக்கிற கிளினிக். காலை ஏழு மணிக்கு லைன் திறக்கும் என்றார்கள். ஏழு மணிக்கு அடித்தேன், பிஸி. ஏழு ஒன்றுக்கு அடித்தேன், முடிந்தது.

ஊரில் எல்லோரும் ஒரு டாக்டரம்மா பெயரைத்தான் சொன்னார்கள். கைராசிக்காரி, வீட்டு மனுஷி மாதிரி பார்ப்பாள் என்றார்கள். வியாழன் சாயங்காலம் நானே போய் நின்றேன். கவுண்டரில் இருந்த பெண் நிமிர்ந்தே பார்க்கவில்லை.

"அம்மா மருந்து எழுதிக் குடுத்த பழைய நோட்டு இருக்கா, தாத்தா?"

(தாத்தாவாம். அந்த வாரம்தான் மீசைக்குச் சாயம் போட்டிருந்தேன்.)

"நோட்டு இல்ல. நான் இருக்கேன்."

"நோட்டு இல்லாதவங்கள அம்மா பாக்கதில்ல. புது ஆளு எடுக்கத நிப்பாட்டி ஒரு வருசமாச்சு. இருக்கவங்களப் பாக்கவே நேரம் பத்தல."

"நான் யாருன்னு தெரியுமா? ஆறு டிரெய்லரு..."

"வாசல்லயா நிப்பாட்டிருக்கிய? எடுக்கச் சொல்லுங்க தாத்தா, ஆட்டோ வர வழியில்ல."

ஊரில் ஒரு பெரிய மனிதர் பெயரைச் சொல்லிப் பார்த்தேன். "அவரும் மூணு மாசமா கேட்டுக்கிட்டுத்தான் இருக்காரு" என்றாள்.

வீட்டுக்கு வரும் வழியில்தான் அந்த யோசனை வந்தது. (இப்போதும் சொல்கிறேன், நல்ல யோசனை.) எங்கள் கடற்கரைக் குடும்பங்களில் மூத்த மகனுக்குத் தாத்தா பெயரைத்தான் வைப்போம். என் அப்பா சூசை, பெரியப்பா செபஸ்தியான். இரண்டு பேரும் தங்கள் மூத்த மகனுக்கு மிக்கேல் என்று தாத்தா பெயரை வைத்துவிட்டார்கள். ஆக, இரண்டு பேரும் எஸ். மிக்கேல். பெயர் மட்டுமில்லை, தாத்தாவின் மூக்கும் வழுக்கையும்கூட இரண்டு பேருக்கும் வந்திருக்கிறது. பெரியப்பா மகன் கப்பலில் எஞ்சின் ரூமில் வேலை பார்த்தவர், அதனால் கப்பல் மிக்கேல். நான் லாரி மிக்கேல். அவருக்கு என்னைவிட மூன்று வயது கூட, இருப்பது தருவைகுளத்தில். அவரிடம் அந்த டாக்டரம்மாவின் நோட்டு இருந்தது.

வெள்ளிக்கிழமை போய்க் கேட்டேன். நான் கேட்டு முடிக்கும் முன் அலமாரியைத் திறந்து நோட்டை எடுத்து நீட்டினார்.

"கொண்டு போலே! எனக்கு அந்தப் பக்கமே வேண்டாம். மூணு மாசமா நானே போகல."

"உள்ள என்ன எழுதிருக்குண்ணே?"

"இங்கிலீஷு. நமக்கு எதுக்குலே அது? அவ என்ன கேட்டாலும் ஆமா சொல்லு. எதுக்கும் இல்லன்னு சொல்லிராத."

அவ்வளவு சந்தோஷமாக ஒருவர் ஒரு பொருளைக் கொடுத்தால் சந்தேகப்பட வேண்டாமா? நாற்பது வருடத்தில் பேப்பரைச் சரிபார்க்காமல் ஒரு வண்டியை ரோட்டில் விட்டதில்லை. அன்று என்னையே அப்படி விட்டேன். (பிலோமினாவிடம் காட்டியிருந்தால் ஒருவேளை எழுத்துக் கூட்டியாவது வாசித்திருப்பாள். காட்டினால் போக விட்டிருக்க மாட்டாள்.)

சனிக்கிழமை காலை. முகத்தில் மாஸ்க், கையில் நோட்டு. கவுண்டரில் நல்லவேளையாக வேறு பெண்.

"பேரு?"

"எஸ். மிக்கேல்."

"தருவைகுளம்தான?"

இருமினேன். (இருமல் பொய்யாகாது.)

எடை பார்த்தார்கள். கையில் பட்டையைக் கட்டி பிரஷர் பார்த்து நோட்டில் எழுதினார்கள். உள்ளே போனேன். டாக்டரம்மாவுக்கு நாற்பது வயது இருக்கும். என் முகத்தைப் பார்க்கவில்லை, நோட்டைத்தான் பார்த்தாள். பிறகு வாயைத் திறந்தாள். கப்பல் சங்கு ஊதியது போல இருந்தது.

"ஐயா! நல்லா இருக்கியளா!"

தூக்கிவாரிப் போட்டது. அப்போதுதான் நினைவு வந்தது. எஞ்சின் ரூமில் கிடந்து கப்பல் மிக்கேலுக்குக் காது மந்தம்! நோட்டில் அதை முதல் வரியிலேயே எழுதி வைத்திருப்பாள். எனக்கோ வீட்டுக்குள் இருந்தே டயரில் காற்று இறங்குவது கேட்கும். அவளுக்கும் வெளியே காத்திருந்த ஐம்பது பேருக்கும் நடுவே ஒரு துணித் திரை. ஐம்பதில் முப்பது பேராவது என்னைத் தெரிந்தவர்கள்.

"ஐயா! தண்ணி அடிக்கத விட்டாச்சா!"

வெளியே பேச்சு நின்றது. மதுவிலக்கு சபைத் தலைவர் வாயைத் திறந்தார்.

"ஆமா."

"பீடி!"

"ஆமா."

"ராத்திரி படுக்கைய நனைக்கது நின்னுட்டா!"

திரைக்கு அந்தப் பக்கம் யாரோ சிரிப்பை விழுங்கினார்கள். நோட்டை வாசிக்க வேண்டாம் என்று அண்ணன் ஏன் சொன்னார் என்பது அப்போது புரிந்தது. ரீட்டாவை நினைத்தேன், பன்னிரண்டாவது மாடியை நினைத்தேன், கண்ணை மூடிக்கொண்டு "ஆமா" என்றேன்.

"நல்லது! மூணு மாசமா வரல, அதனால மாத்திரையக் கூட்டி எழுதிருக்கேன்! கால் மரத்துப் போகதுக்கு இன்னைக்கு ஊசி! போன தடவ மாதிரி அழக்கூடாது!"

சிரித்துக்கொண்டே அவள் மணியை அடிக்க, தடி தடியாக இரண்டு கம்பவுண்டர்கள் மாத்திரைக் கவரோடு உள்ளே வந்து, கவரை என் சட்டைப் பையில் போட்டார்கள். ஒருவன் என் வலது தோளைப் பிடித்தான், ஒருவன் இடது தோளை. "ஒண்ணுமில்ல தாத்தா, எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும், அம்மாவ நெனச்சுக்கிடுங்க" என்றான் வலது.

குடிகாரன் என்றார்கள், பொறுத்தேன். படுக்கையை நனைக்கிறவன் என்றார்கள், அதையும் பொறுத்தேன். நூறு கிலோ உப்பு மூட்டையை முதுகில் ஏற்றி, ஆடுகிற பலகை மேல் நடந்தவனை, ஊசிக்கு அழுகிறவன் என்று இரண்டு பேர் பிடிப்பதா?

"ஏலே, விடுங்கலே!" என்று எழுந்து மாஸ்க்கைப் பிய்த்து எறிந்தேன். "அழுதவன் நான் இல்லலே! கப்பல் மிக்கேல்! தண்ணி அவன், பீடி அவன், படுக்கையும் அவன்! நான் லாரி மிக்கேல்! ஊசியக் கொண்டாலே, நானே குத்திக்காட்டுதேன்!"

திரை ஓரத்தில் நாலைந்து தலைகள் எட்டிப் பார்த்தன. டாக்டரம்மா முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தாள். பிறகு மெதுவாகப் பேசினாள். கத்தியதைவிட அதுதான் பயமாக இருந்தது.

"அப்ப இது யாரு நோட்டு?"

சொன்னேன். கம்பவுண்டர் என் சட்டைப் பையில் போட்டிருந்த மாத்திரைக் கவரை எடுத்து மேசையில் வைத்தாள்.

"இது உங்க அண்ணனுக்கு, அவரு சக்கரைக்கு எழுதினது. உங்க சக்கரை எனக்குத் தெரியாது. ராத்திரி இத முழுங்கிட்டுப் படுத்திருந்தா, காலையில எந்திரிச்சிருப்பியளான்னு என்னால சொல்ல முடியாது. அது தெரியுமா ஐயா உங்களுக்கு?"

தெரியாது. ஐந்தாம் வகுப்பில் அது வரவில்லை. சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டேன். (ஏசி கூடுதல்.)

"வெளிய போங்க" என்றாள்.

திரை வரை போனேன். அந்தப் பக்கம் ஐம்பது பேர். அப்படியே போயிருந்தால் மறுநாள் சென்னை ரயில்தான். திரும்பினேன்.

"போறேன் டாக்டரம்மா. ஆனா ஒரு நியாயம் சொல்லுங்க. வெளிய பட்டையக் கட்டி பிரஷரு பாத்தாங்கள்ள, அது யாரு கை? கப்பல் மிக்கேல் கையா? மிசின்ல ஏறி நின்னது யாரு காலு? பாக்க வேண்டியதெல்லாம் பாத்தாச்சு. பாத்த பொறவு நான் எப்படி புது ஆளு? நாளைக்கு ஞாயிறு. ஒரு டாக்டரு இல்லன்னா எம் மவ என்னைய லாரிய வித்துட்டு பன்னெண்டாவது மாடியில கொண்டு வச்சிருவா. அங்கன நான் ஒரு மாசம் இருப்பேனா? அந்தச் சாவ மட்டும் யாரு நோட்டுல எழுதுவிய?"

அவள் நோட்டில் எழுதியிருந்த பிரஷர் எண்ணைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடி எண்ணைப் பார்த்தாள்.

"இது உங்க பிரஷரா?"

"என் சொந்தப் பிரஷரு."

"நூத்தித் தொண்ணூறு," என்றாள். "உக்காருங்க. இந்த பிரஷரோட உங்கள ரோட்டுல விட்டா நான் டாக்டரே இல்ல." பிறகு பேனாவை மூடிக்கொண்டே, "எங்கப்பாவும் இப்படித்தான். இங்கன பக்கத்துல புதுக்கோட்டையில கருப்பட்டிக் கடைய விட்டு எந்திரிக்க மாட்டேங்காரு. கடைசியில நான்தான் சென்னையில வேலைய விட்டுட்டு இங்கன வந்தேன்" என்றாள்.

விரல் நுனியில் குத்தி என் சர்க்கரையைப் பார்த்தாள், என் மாத்திரையை எழுதினாள். புது நோட்டில் என் பெயரைத் தன் கையாலேயே எழுதி நீட்டினாள். வாங்கப் போனேன், விடாமல் பிடித்துக்கொண்டாள்.

"ஒண்ணு. உங்க அண்ணன மாசாமாசம் நீங்கதான் கூட்டிட்டு வரணும். அவரு வராத மாசம் உங்களையும் பாக்க மாட்டேன்."

"அவன் வரமாட்டானே, டாக்டரம்மா."

"நூறு கிலோ மூட்டை தூக்கினேன்னு இப்பதான சொன்னிய?"

மூட்டை ஓடாது. கப்பல் மிக்கேல் ஓடுவார். ஒரு மாதம் சமையல் குசினிக்குள் பூட்டிக்கொண்டார். ஒரு மாதம் கரையில் கிடந்த படகுக்குள் வலையைப் போர்த்திப் படுத்திருந்தார். ஒரு மாதம் கோயிலில் முழங்காலில் நின்று, செபத்தில் இருக்கிறவனைத் தொடக்கூடாது என்றார். (செபம் ஒரு மணி நேரம் நீண்டது. நான் பின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்.) எல்லா மாதமும் கொண்டு சேர்த்துவிட்டேன். வலது தோள் கம்பவுண்டர் பிடிக்கிறான், இடது தோள் நான். அவர் என் சட்டையில் மூக்கைத் துடைத்து அழுகிறார். அதற்குப் பிறகு என் பிரஷரைப் பார்த்தால் ஏறிக் கிடக்கிறது. அதனால் டாக்டரம்மா இப்போதெல்லாம் எனக்கு முதலில் பார்த்துவிடுகிறாள்.

ரீட்டா சென்னைப் பேச்சை விட்டுவிட்டாள். ஆனால் ஊர் விடவில்லை. அன்று நான் வீடு வந்து சேரும் முன்பே கதை மீன் மார்க்கெட்டுக்குப் போய்விட்டது. நடுவில் எங்கேயோ கப்பலும் லாரியும் இடம் மாறிவிட்டன. குடித்ததும் அழுததும் நனைத்ததும் எல்லாம் நான்தான் என்றாகிவிட்டது. மதுவிலக்கு சபையில் எழுந்து நின்று விளக்கம் கொடுத்தேன்; கைதட்டினார்கள், ஆனால் சிரித்துக்கொண்டே கைதட்டினார்கள். நாற்பது வருடம் ஓட்டிச் சம்பாதித்த லாரி ஒரே நாளில் என் பெயரிலிருந்து இறங்கிவிட்டது. இப்போது நான் ஊசி மிக்கேல்.

போன தை மாதம் அண்ணன் பேத்திக்குக் கல்யாணம். பத்திரிகையில் அழைக்கிறவர்கள் வரிசையில் அச்சடித்தே விட்டார்கள்: எஸ். மிக்கேல் (கப்பல்), எஸ். மிக்கேல் (ஊசி). பத்திரிகையை எடுத்துக்கொண்டு தருவைகுளத்துக்குப் பறந்தேன்.

"லாரின்னு போட்டா யாருக்குலே தெரியும்?" என்றார் அண்ணன், வெட்கமே இல்லாமல். "எவனோன்னு நெனைப்பாங்க."

கல்யாணத்துக்குப் போனேன். ஒளிந்துகொள்ள நான் என்ன கப்பலா? மண்டப வாசலிலேயே சந்தனக் கிண்ணத்தோடு நின்றுகொண்டேன். வந்தவர்கள் ஒவ்வொருவரும் சிரிப்பை அடக்கும் முன்னால் நானே முந்திக்கொண்டேன்.

"வாங்க, வாங்க. ஊசி மிக்கேல் நான்தான். நீங்களும் போங்க, இந்த ஊர்ல ஒரு டாக்டரம்மா கையால புது நோட்டு வாங்கிட்டு வந்து காட்டுங்க. அதுக்குப் பொறவு சிரிங்க."

அன்று மட்டும் ஏழு பேர் என்னைத் தனியாக ஓரம் கூப்பிட்டு, எப்படி வாங்கினீர்கள் என்று கேட்டார்கள்.