கீரை சாரின் மாப்பிள்ளை

டெக்ஸாஸில் எங்கள் கேட்டி ஊரில் கீரை வாங்கப் போய், கூடவே திட்டும் வாங்காமல் வீடு திரும்பிய தமிழர் ஒருவரையாவது காட்டுங்கள் பார்ப்போம். அப்படி ஒருத்தர் இருந்தால், கீரை சார் இருந்த காலத்தில் அவர் ஊரிலேயே இல்லை என்று எழுதியே கொடுக்கிறேன். சாரின் சொந்தப் பெயர் என்ன என்று மட்டும் கேட்காதீர்கள். என் போனிலேயே 'கீரை சார்' என்றுதான் இருக்கிறது.

நான் அவரிடம் மாட்டியது ஒரு சனிக்கிழமை காலை. சூப்பர்மார்க்கெட்டில் இரண்டு கட்டு பாலக்கைத் தூக்கி வண்டியில் போட்டேன். முதுகுக்குப் பின்னால் ஒரு குரல், அச்சு அசல் திருநெல்வேலித் தமிழில்.

"ஏம்மா, அது யாருக்கு?"

டெக்ஸாஸில் முன்பின் தெரியாத மனிதர் இப்படிக் கேட்டால் என்னத்தைச் சொல்வது? பதறிப்போய் உண்மையைச் சொல்லிவிட்டேன். "வீட்டுக்குத்தான் சார். பருப்பு போட்டுக் கடைய."

"மனுஷருக்கா? அப்பச் சரி." பெரிய கண்டம் தப்பினவர் போல மூச்சு விட்டார். "மாப்பிள்ளைக்கு மட்டும் குடுத்துராதீய. பாலக்கு கால்சியத்தப் பூரா பிடிச்சு வச்சுக்கிடும். ஓடு கெட்டிப்படாது."

என் மகளுக்கு அப்போது ஆறு வயது. எனக்கு ஏது மாப்பிள்ளை? அதுவும் ஓட்டோடு? நான் முழிப்பதைப் பார்த்துவிட்டுப் போனை எடுத்துப் படம் காட்டினார். தோசைக்கல் அகலத்துக்கு ஓர் ஆமை, புல்தரையில் உட்கார்ந்து கேமராவை முறைத்துக்கொண்டிருந்தது.

சார் வாடகைக்கு எடுத்த வீட்டில் முன்னால் குடியிருந்தவர்கள் கொல்லைப்புறத்தில் விட்டுப்போன ஆமை அது. சாரின் மனைவியும் மகனும் பாளையங்கோட்டையில். இங்கே அந்த வீட்டில் அவரும் ஆமையும் மட்டும்தான். ஏன் சார் மாப்பிள்ளை என்று பேர் வைத்தீர்கள் என்று ஒருமுறை கேட்டேன்.

"வேற என்ன வைக்கது? மெதுவாத்தான் வருவான். வந்ததும் கவனிக்கணும். சாப்பாடு சரியில்லன்னா மூஞ்சிய உள்ள இழுத்துக்கிடுவான்."

சாருக்கு உத்தியோகம் எண்ணெய்க் குழாய்களில் துரு பிடித்திருக்கிறதா என்று பரிசோதிப்பது. அந்தப் புத்தி கீரைக்கடையிலும் போகாது. சட்டைப் பையிலிருந்து சின்ன டார்ச்சை எடுத்து, முட்டைக்கோஸுக்குத் தம்பி மாதிரி இருக்கும் காலர்ட் கீரையின் இலையைத் தூக்கிப் பிடித்து, பின்னாலிருந்து வெளிச்சம் அடிப்பார். காம்பை வளைத்துக் காதருகே வைத்து ஒடித்துக் கேட்பார். 'டக்'கென்று சத்தம் வந்தால் பாஸ். வளைந்து கொடுத்தால், "நேத்தே செத்துப்போச்சு" என்று திரும்ப அடுக்கிவிடுவார். சந்தேகக் கேஸ்களுக்குத் தனிக் குவியல் வேறு. கடை ஊழியர்கள் ஆரம்பத்தில் இவரை ஏதோ அரசாங்க இன்ஸ்பெக்டர் என்று நினைத்து ஒதுங்கி நின்றார்களாம்.

"புல்லுதாம்மா அவனுக்குச் சோறு. இதெல்லாம் கூட்டு, பொரியல் மாதிரி" என்பார். டான்டெலியன் கீரை, எண்டைவ் கீரை, முள் நீக்கிய சப்பாத்திக் கள்ளி என்று தினம் ஒரு பொரியல் மாற வேண்டும். நம் வீட்டில் திங்கட்கிழமை வைத்த சாம்பார் புதன்கிழமை வரை ஓடும். அதைப் பற்றி நான் அவரிடம் மூச்சு விடவில்லை.

ஒரு பொங்கலுக்கு சார் வீட்டுக் கொல்லையில், ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவந்து பாட்லக் வைத்தோம். தமிழர்கள் கூடிய இடத்தில் ஓர் உயிர் பட்டினி கிடக்க முடியுமா? ஆளாளுக்கு ஊட்டிவிட்டார்கள். ஓர் அங்கிள் மூன்று வாழைப்பழம், ஓர் ஆன்ட்டி நெய் சொட்டச் சொட்டச் சர்க்கரைப் பொங்கல். மாப்பிள்ளையும் கூச்சப்படாமல் சாப்பிட்டது. அதற்கப்புறம் இரண்டு நாள் அது பட்ட பாட்டை நான் எழுதினால் ஆசிரியர் வெட்டிவிடுவார். சார் ஆபீசுக்கு லீவு போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். மறுவாரம் வேலியில் கொட்டை எழுத்தில் ஒரு பலகை: 'மாப்பிள்ளைக்கு வெளிப் பண்டம் கொடுக்கக் கூடாது.'

இப்படி எங்களைத் திட்டிக்கொண்டு சந்தோஷமாக இருந்த மனிதருக்குப் போன வருஷம் வேலை போனது. விசா விதிப்படி அறுபது நாள் கெடு. அதற்குள் வேறு வேலை, இல்லையென்றால் ஊர். ஐம்பத்தாறு வயதில் யார் கூப்பிட்டு வேலை கொடுக்கிறார்கள்? இருபத்தைந்தாவது நாள் சார் டிக்கெட் போட்டுவிட்டார். ஆமையைக் கூட்டிப் போக வழியே இல்லை என்று தெரிந்ததும், எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்தது: 'மாப்பிள்ளைக்கு நல்ல குடும்பம் தேவை. நேர்முகத் தேர்வு உண்டு.'

விளையாட்டு என்று நினைத்தோம். மனிதர் நிஜமாகவே பரீட்சை வைத்தார். சனிக்கிழமை காலை எட்டு மணி, கடையில் கீரைப் பக்கம். ஒரு வாரத்துக்கான கீரையை நாமே எடுக்க வேண்டும். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கூடவே வருவார். ஒரு சாஃப்ட்வேர் தம்பதி ஐஸ்பர்க் லெட்யூஸை எடுத்தார்கள். "இது வெறும் பச்சைத் தண்ணிலா!" என்று அங்கேயே அனுப்பிவிட்டார். ஒரு டாக்டர் அம்மா மட்டும் பிசகில்லாமல் எடுத்து ஃபர்ஸ்ட் கிளாஸில் பாஸ் பண்ணினார்.

நான் முதல் வாரம் பாலக் எடுத்தேன். பழக்க தோஷம், கை தானாகப் போய்விட்டது. இரண்டாம் வாரம் பாலக்கை விட்டுவிட்டு பீட்ரூட் கீரையை எடுத்தேன். அதற்கும் அதே கோளாறாம். மூன்றாம் வாரம் எல்லாம் சரியாக எடுத்துவிட்டு, கட்டைப் பிரித்து உள்ளே பார்க்காமல் போட்டேன். நடுவில் ஓர் இலை அழுகியிருந்தது.

வீட்டில் என் கணவர் வேறு. "ஏய், அது நம்மளவிட ஜாஸ்தி நாள் இருக்கும்டி. அதுக்கு உயில் எழுதணும். உனக்கு எதுக்கு இந்த வம்பு?"

"ப்ளீஸ் அப்பா. ஹீ ஈட்ஸ் ஹிஸ் கிரீன்ஸ்" என்றாள், தட்டில் கீரையை அப்படியே மிச்சம் வைத்திருந்த என் மகள்.

சார் கிளம்ப நான்கு நாள் இருக்கும்போது நான்காவது தடவையாகப் போய் நின்றேன். அவர் பரீட்சையே வைக்கவில்லை. டார்ச்சை எடுத்து என் கையில் கொடுத்தார்.

"சார், நான் இன்னும் பாஸாகலையே?"

"பாஸான டாக்டரம்மா போனையே எடுக்க மாட்டேங்காவ. மூணு மட்டம் பெயிலாகி நாலாவது வந்தது நீங்க ஒருத்தர்தாம்மா." அப்புறம் கள்ளிப் பக்கம் திரும்பி நின்றுகொண்டு, ரொம்ப நேரம் ஒரே மடலுக்கு நல்லது கெட்டது பார்த்தார்.

மாப்பிள்ளை எங்கள் வீட்டுக்கு வந்து மூன்று நாள் தலையை வெளியே நீட்டவில்லை. நானும் டார்ச் அடித்து, ஒடித்து, காது கொடுத்துக் கேட்டு வாங்கியதை எல்லாம் பரிமாறிப் பார்த்தேன். ம்ஹும். நாலாம் நாள் பாளையங்கோட்டைக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் ஆமை பக்கத்தில் வைத்தேன்.

"ஏல மாப்ள," என்றார் சார். "சாப்பிடுல. அந்தப் பிள்ள பாவம்."

தலை வந்தது. டான்டெலியன் இலையைப் பிடித்து இழுத்தது. வெயில் ஏறியதால் வந்தது என்கிறார் என் கணவர். இருக்கட்டும், அவர் சொல்வதை எல்லாம் யார் கேட்கிறார்கள்? அது மெல்லும் சத்தம் போய்க்கொண்டே இருந்தது. அந்தப் பக்கம் சார் போனை வைக்கவே இல்லை.

அதற்கப்புறம் சனிக்கிழமை தவறாமல் கடையிலிருந்து வண்டியைப் படம் எடுத்து சாருக்கு அனுப்புகிறேன். ஒவ்வோர் இலையாகப் பெரிதாக்கிப் பார்த்துப் பதில் போடுவார்: 'இடப்பக்கம் மஞ்சளா இருக்கு. மாத்துங்க.' ஒரு நாள் போனை அவர் மனைவி எடுத்தார். "சனிக்கிழம சாயந்திரமானா எங்கயும் நகர மாட்டேங்காவம்மா. போனையே பாத்துக்கிட்டு இருக்காவ" என்றார்.

இப்போது எனக்கு எல்லாம் அத்துப்படி. கண்ணைக் கட்டிவிட்டாலும் சரியாக எடுப்பேன். ஆனாலும் படம் எடுக்கும்போது மட்டும் வண்டியின் ஓரத்தில் ஒரு கட்டு பாலக்கை மறக்காமல் வைத்துவிடுகிறேன். சார் திட்ட வேண்டுமே.